நான்தான் செஞ்சேன்

அத்தியாயம் 3

குற்றத்தை ஒத்துக்கொண்டவனை நான் நம்புவதில்லை. ஒத்துக்கொள்ளாதவனையும் நம்புவதில்லை. ஆனாலும் அவனுக்காவது பிழைக்கத் தெரிந்திருக்கிறதே என்று ஒரு மரியாதை உண்டு.

துபாயில், தேரா தங்கக் கடைத்தெருவுக்குப் பின்னால், வாசனைச் சாமான் சந்து திரும்புகிற இடத்தில் ஜாபர் சாதிக்கின் வெள்ளிக் கடை. கீழே கடை, மேலே பட்டறை. கீழக்கரைக்காரர். கழுகு மூக்கு, கறுப்படித்த மீசை. கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் டீ கொடுப்பார். அன்றைக்கு டீயோடு சமோசாவும் வந்தது. சரி, செய்தி பெரிசுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"சோலை அண்ணே, கேஸ் முடிஞ்சிருச்சு. பையன் ஒத்துக்கிட்டான். சாமான எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு மட்டும் அவன்கிட்டேருந்து கறந்து குடுங்க, போதும்."

"கறக்கதுக்கு நீங்க மாட்டாஸ்பத்திரிக்குல்லா பாய் ஆள் விட்டிருக்கணும்" என்றாள் ரெபேக்காள், சமோசாவைக் கையில் எடுத்துக்கொண்டே.

ரெபேக்காள் குளச்சல்காரி. பக்கத்து கிளினிக்கில் நர்ஸ். டியூட்டி இல்லாத நாளில் எனக்கு வண்டி ஓட்டுவாள், இங்கிலீஷ் படித்துச் சொல்வாள், கேட்காமலே வாயும் கொடுப்பாள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தேராவில் வாட்ச்மேனாக இருந்து கிழவனாகி, இப்போது கடைக்காரர்களுக்காகத் திருட்டு விசாரிக்கிறேன். எழுத்தை அவள் படிப்பாள், மூஞ்சியை நான் படிப்பேன். எங்கள் பாகப்பிரிவினை அப்படி.

விஷயம் இதுதான். ஜுமைராவில் சங்கீதா என்று ஒரு மேடம் நகைக்கடை வைத்திருக்கிறார். அமெரிக்கப் பழங்குடிக்காரர்கள் கையால் செய்த வெள்ளி நகைதான் அங்கே விற்பார். 'நேட்டிவ்' என்று அதற்குப் பெயர். அதில் ஒரு ஆரம் கடைக்கே முகம் மாதிரி. நடுவில் ஒரு பிறை நிலா, இரண்டு பக்கமும் வெள்ளி இலைகள், அடியில் சின்னச் சின்ன நட்சத்திரம். விலை, ஒரு நல்ல காருக்குச் சமம். பழைய சாமான் மாதிரி தெரியட்டும் என்று கறுப்பு ஏற்றியிருந்தது. கறுப்பு திட்டுத்திட்டாக ஆகிவிட்டது, சுத்தம் பண்ணித் தாருங்கள் என்று மேடம் டிரைவரிடம் கொடுத்துப் பாயின் கடைக்கு அனுப்பினார். பட்டறையில் சரவணகுமார் அதைப் பாலிஷ் போட்டான். ஆரம் திரும்பிப் போனது.

மறுநாள் தமிழ் டாக்டரம்மா ஒருத்தர் அந்தக் கடையில் ஆரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். பின்பக்கம் ஒரு பிள்ளையார் சுழி. 'உ' என்று தெளிவாக, கீழே கோட்டோடு.

அமெரிக்காவில் பிள்ளையாருக்குக் கிளை கிடையாது. ஆகவே ஒரிஜினலை அமுக்கிக்கொண்டு போலியைத் திருப்பி அனுப்பியிருக்கிறான் பட்டறைக்காரன் என்று மேடம் முடிவு கட்டிவிட்டார். பொழுது சாய்ந்து மகரிப் பாங்கு ஒலிப்பதற்குள் ஒரிஜினல் வராவிட்டால் போலீஸ்.

"அவனே சொல்லிட்டான், கேளுங்க" என்று பாய் போனை அழுத்தினார். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமா பாய். நான்தான் செஞ்சேன்."

"இதை மேடத்துக்கும் அனுப்பிட்டேன்" என்றார் பாய். "என் லைசென்ஸாவது தப்பட்டும்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு வெள்ளைக்கார ஜோடி எட்டிப் பார்த்தது. பாயின் முகம் தானாக மலர்ந்தது. "வெல்கம் சார், மேக்கிங் சார்ஜ் மாஃபி" என்றார். செய்கூலி இல்லை என்று அர்த்தம். பக்கத்துக் கடையில் தீப்பிடித்தாலும் பாய் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஓடுவார். ஜோடி போய்விட்டது. பாயின் முகம் மறுபடி துக்கத்துக்குத் திரும்பியது.

போனில் கேட்ட பையனின் குரலில் ஏதோ ஒன்று எனக்கு ஒட்டவில்லை. திருட்டை ஒத்துக்கொள்கிறவனுக்குத் தொண்டை அடைக்கும். இவன் குரலில் கல்யாண வீட்டுக் களை.

மேலே ஏறினோம்.

சரவணகுமார் பட்டறைப் பலகைக்கு முன்னால் குந்தியிருந்தான். முப்பது வயதுக்கு மேலே இருக்கும். விரலெல்லாம் தீக்கொப்பளம் ஆறிய தழும்பு. மற்ற ஆட்களைப் பாய் கீழே அனுப்பிவிட்டார். திருட்டு ஒட்டிக்கொள்ளும் என்று பயமோ என்னவோ.

"தம்பி, நீதான் செஞ்சியா?"

"ஆமா அண்ணாச்சி."

"என்னத்தைச் செஞ்ச?"

"அந்த ஆரத்தை."

"ஆரத்தை என்ன செஞ்ச?"

"ஆரத்தைத்தான் செஞ்சேன்."

"அண்ணே, இது செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே கெடக்கும்" என்றாள் ரெபேக்காள். "வேற வழியா வாங்க."

நான் நேரடியாகக் கேட்டேன். "நீ அடிச்சியா, இல்லியா?"

"அடிச்சேன் அண்ணாச்சி. நெலாவோட ஓரத்தை மட்டும்தான் அடிச்சேன், சின்னச் சுத்தியலால. மத்ததெல்லாம் வார்ப்பு."

ரெபேக்காள் வாய்க்குக் கொண்டுபோன சமோசாவை இறக்கினாள். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"பாய் உன்கிட்ட என்னன்னு கேட்டாரு?"

"இதை யாருடா செஞ்சதுன்னு, மேடம் அனுப்பின ஆரத்துப் படத்தைக் காட்டிக் கேட்டாரு. நான்தான் செஞ்சேன்னேன். சந்தோசமாச் சொன்னேன் அண்ணாச்சி. அவரு போனைத் தூக்கிக்கிட்டு கடகடன்னு எறங்கிப் போயிட்டாரு. பாராட்டத்தான் ஆளைக் கூப்பிடப் போறாருன்னு இருந்துட்டேன்."

பிறகு மெதுவாகச் சொன்னான். ரெண்டு வருசத்துக்கு முன்னால் அவன் கையால் செய்த ஆரம் அது. யாரிடம் விற்றுப் போனதென்று தெரியாது. போன வாரம் வெல்வெட் பெட்டியில் திரும்பி வந்தது. கறுப்பை எடுத்தால், அடியில் அவன் போட்ட சுழி. எந்த வேலையானாலும் பின்பக்கம் முதல் கீறல் அதுதானாம், ஊர்ப் பட்டறைப் பழக்கம்.

"எங்க மாமனாரும் பட்டறைக்காரர்தான், சங்கரன்கோவில்ல. வாரா வாரம் போன்ல ஒரே கேள்வி. துபாய்ல போயி என்னத்த மாப்ள செஞ்சேம்பாரு. மொத மொதலா பதில் இருக்குன்னு நெனைச்சேன். இப்பப் போலீஸ் வந்து, இனி இந்த நாட்டுக்கே வரக்கூடாதுன்னு பேன் அடிச்சு ஊருக்கு ஏத்திவிட்டா, அதுவே அவருக்குப் பதிலாப் போயிரும்."

உண்மை மாதிரிதான் இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். இவ்வளவு அழகாகப் பொய் சொல்கிற ஆட்களை நான் அப்ராப் படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பியிருக்கிறேன். நகலைச் செய்தவனும் 'நான்தான் செஞ்சேன்' என்றுதானே சொல்வான்? பாலிஷுக்கு வந்த ஆரமும் திரும்பிப் போன ஆரமும் ஒன்றுதான் என்று காட்டச் சாட்சி வேண்டும்.

மேடத்தின் கடை விளம்பரப் புத்தகம் பெட்டியோடு வந்திருந்தது. வழவழவென்று, கல்யாணப் பத்திரிகையைவிடக் கனம். ரெபேக்காளிடம் நீட்டினேன்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இயற்கையும் வானத்து வெளிச்சமும் சேந்து பெத்த புள்ளையாம் இந்த நகை."

"யாரு பிரசவம் பாத்தது?"

"அது போடல. கேளுங்க. கலைஞன் பாலைவனத்துல ஒத்தைக்கு நோம்பு இருந்தானாம். மணல்மேட்டுல நெலா வெளிச்சம் விழுந்து வரிவரியா ஓடிச்சாம். அந்த வரியை அப்படியே வெள்ளியில புடிச்சானாம். இனி அதுபோல இன்னொண்ணு அவனாலயே செய்ய ஏலாதாம்."

"எந்த வரி?"

அவள் படத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். நிலாவின் மேல் மெல்லிசாக, அலையலையாகக் கோடுகள். புத்தகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"அண்ணே, இது நெலா வெளிச்சமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இது கணவா ஓடு."

"என்னது?"

"கணவா மீனுக்க முதுகுல இருக்குமே, வெள்ளை ஓடு. எங்க வீட்டுல கிளிக்கூட்டுல கட்டித் தொங்கவிட்டிருப்போம், மூக்கு தேய்க்கதுக்கு. அறுத்தா உள்ள இந்த வரிதான் இருக்கும்."

சரவணகுமார் பலகைக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒன்றை எடுத்து வைத்தான். படகு மாதிரி வடிவம், கையில் எடுத்தால் கனமே இல்லை. "கடல் நுரைம்போம் நாங்க. மீன் மார்க்கெட்ல கழிச்சுப் போடுவாங்க, நான் பொறுக்கியாருவேன். இதுல அச்சு வெட்டி வெள்ளியை ஊத்துவேன். ஓட்டு வரி அப்படியே எறங்கும்."

"இதே ஓட்டுல இன்னொண்ணு ஊத்தலாமா?"

"எப்படி அண்ணாச்சி? ஒரு ஊத்துக்கே வெந்து கரிஞ்சுரும். அடுத்த ஓட்டுல வரி வேற. கைரேகை மாதிரி."

எனக்கு அது போதும். நான் ரெபேக்காளைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் படம் எப்ப எடுத்தது?" என்று புத்தகத்தைக் காட்டிக் கேட்டேன்.

"கடை தொறந்தப்ப. போன வருசம்னு போட்டிருக்கு. பாலிஷுக்கு வாரதுக்கு முன்ன."

பழைய படத்திலுள்ள வரியும் இப்போது கடையிலுள்ள ஆரத்தின் வரியும் ஒன்றாக இருந்தால், ஆரம் மாறவே இல்லை. திருட்டே நடக்கவில்லை.

பாயையும் சரவணகுமாரையும் பின்சீட்டில் ஏற்றினோம். ரெபேக்காளின் நிஸானில் ஏசி முன்பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். பாய் வேர்த்துக்கொண்டே இவனை முறைத்தார். இவன் வேர்த்துக்கொண்டே விளம்பரப் புத்தகத்தை மடியில் வைத்துத் தன் ஆரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"ஜெயிலுக்குப் போறவன் முகமா இது?" என்றார் பாய்.

"பரிசு வாங்கப் போற முகம்" என்றாள் ரெபேக்காள். "நீங்கதான் பாய் ஜெயிலுக்குப் போறவரு மாதிரி இருக்கீங்க."

கடையா அது? பிணவறை மாதிரி குளிர். தரையில் கண்ணாடிக்கு அடியில் மணல் பரப்பியிருந்தது. வெளியே இலவசமாக ஒரு நாடு முழுக்கக் கிடக்கிற மணலை உள்ளே கொண்டுவந்து லைட் போட்டிருக்கிறார்கள். எங்கேயோ புல்லாங்குழல் அழுதுகொண்டிருந்தது. நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஆரம்.

சங்கீதா மேடம் அபுதாபியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் அவருக்கு வீட்டுக்கு வருகிற விருந்தாளி. "ஹாய் அங்கிள். நான் ரொம்ப ஹர்ட் ஆயிருக்கேன். அந்த வாய்ஸ் நோட் கேட்டு அழுதுட்டேன். போலீஸ் கிட்ட கிளம்பிட்டே இருக்கேன்."

"கிளம்புங்கம்மா. அதுக்கு முன்ன அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறங்க."

ரெபேக்காள் படத்தைப் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே போனாள். "இந்தா, எடது கொம்புல ஒரு வரி ரெண்டாப் பிரியுது, மீன் வாலு மாதிரி. அதுக்குக் கீழ ஒண்ணு பாதியில அறுந்து நிக்குது. இப்ப நகையைப் பாருங்க மேடம்."

மேடம் பார்த்தார். மீன் வால் இருந்தது. அறுந்த வரியும் இருந்தது. பாயும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "யா அல்லா" என்று பின்னால் போய் நின்றுகொண்டார்.

"இனி அதுபோல அவனாலயே செய்ய ஏலாதுன்னு நீங்கதான் அச்சடிச்சிருக்கீங்க" என்றாள் ரெபேக்காள். "உங்க புத்தகத்துல அது ஒண்ணுதான் நெசம்."

"ஸோ இதுதான் ஒரிஜினல்?" மேடத்தின் முகம் மலர்ந்து, பாதியில் நின்றது. "தென் பிள்ளையார் எப்படி உள்ள வந்தார்?"

இங்கேதான் நான் பெரிய ஆள் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினேன். "உங்களை எவனோ ஏஜென்ட் ஏமாத்தியிருக்கான்மா. அமெரிக்கச் சரக்குன்னு தேராச் சரக்கைத் தலையில கட்டியிருக்கான். அவன் பேரைச் சொல்லுங்க, ஆளை நான் பிடிக்கிறேன்."

"நோ அங்கிள். ஏஜென்ட் யாரும் இல்ல. நான் ஆர்ட்டிஸ்டை நேர்ல பார்த்து வாங்கினேன். டெசர்ட்ல, ஸ்டார்ஸுக்குக் கீழ."

"அமெரிக்காவுக்குப் போயா?"

மேடம் புல்லாங்குழல் வந்த திசையைப் பார்த்தார். "ஆக்சுவலி... விண்டர் ஃபேர்ல. ஊருக்கு வெளிய போடுவாங்களே."

"அது கார் பார்க்கிங்லா" என்றாள் ரெபேக்காள்.

"டெசர்ட்தானே அது? துபாய் ஃபுல்லா டெசர்ட்தானே?" மேடத்துக்குக் கோபம் வந்தது. "அவர் ரியல். பின்னால மலை, குதிரை எல்லாம் இருந்தது. பெரிய தொப்பி. ஈகிள் மாதிரி மூக்கு. கண்ணுல ஒரு சோகம். இது நேட்டிவான்னு கேட்டேன். அவர் ஹார்ட்ல கை வச்சு சொன்னார். ஹண்ட்ரட் பர்சன்ட் நேட்டிவ், மேடம்..."

"மேக்கிங் சார்ஜ் மாஃபி" என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினோம். ஜாபர் சாதிக் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வாய் முந்திக்கொண்டது. தொப்பி இல்லாமல் மேடத்துக்கு அடையாளம் தெரியாத முகத்தில், பொத்தியதுபோக மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. கழுகு மூக்கு.



"பாய்" என்றேன். "கையை எடுத்துட்டுப் பேசுங்க."

"பொய் சொல்லலைண்ணே. சத்தியமா. அமெரிக்காக்காரன் ஒருத்தன் பாதியில காலி பண்ணிட்டுப் போன ஸ்டாலு அது. மலையும் குதிரையும் அவன் மாட்டினது, கழட்ட ஆளில்ல. தொப்பி வெயிலுக்குப் போட்டது. நேட்டிவான்னு அம்மா கேட்டாங்க. பட்டறையில இருக்கிறவன் பூரா நம்ம ஊர்ப்பக்கம்தானே, நேட்டிவ்தான்னேன். நேட்டிவ் எதுன்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

"தாலுகாவோட சொல்லியிருப்பாரு" என்றாள் ரெபேக்காள்.

"கண்ணுல சோகமா?" என்று நான் கேட்டேன்.

"அன்னைக்கு யாவாரம் இல்லண்ணே."

"சரி. உங்க சாமானை உங்களுக்கே அடையாளம் தெரியலையா?"

"வெல்வெட் பெட்டியில வந்துச்சு. உள்ள அந்த விலைச் சீட்டு. அதைப் பாத்தப்புறம் அது என் சாமான்னு எப்படிண்ணே தோணும்?"

ஏமாற்றுக்காரனைத் தேடி நான் ஜுமைராவுக்கு வந்திருக்கிறேன். அவனையே ரெபேக்காளின் வண்டியில், எனக்குப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு.

சரவணகுமார் அதுவரை ஆரத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மேடம் அவனை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார். பாலைவனத்தில் நோன்பு இருந்த கலைஞனைப் பார்க்கிற பார்வை இல்லை. ஆனாலும் பார்த்தார்.

"கம்ப்ளைன்ட் வேண்டாம்" என்றார் கடைசியில். "பட் அங்கிள், இது வெளிய போகக் கூடாது. அண்ட் அந்த மார்க்கை ஸ்க்ரேப் பண்ணிடலாம்."

"கறுப்பு ஏத்தித் தாரேன் மேடம்" என்றான் சரவணகுமார். "அழிக்க மாட்டேன்."

சத்தம் போடாமல்தான் சொன்னான்.

"கறுப்பும் வேண்டாம்" என்றேன் நான். "புத்தகத்துல, போர்டுல இருக்கிற அமெரிக்காவை எடுத்துருங்க. இல்லேன்னா இந்த நர்சம்மா வாய் சும்மா இருக்காது. எனக்கே பயம்."

"ஆமா மேடம்" என்றாள் ரெபேக்காள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "அங்க அமெரிக்காவுல நெசமாவே குந்தியிருந்து தட்டுதவன் ஒருத்தன் இருப்பான்லா. அவனுக்கும் ஒரு மாமனார் இருப்பாரு."

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "தென் நான் என்ன எழுதறது? நேட்டிவ்னு பிராண்டே பண்ணிட்டேன்."

"நேட்டிவ்னே எழுதுங்க" என்றேன். "பக்கத்துல ஊர் பேரைப் போட்டுருங்க. தம்பி, உனக்கு நேட்டிவ் எது?"

"சங்கரன்கோவில், அண்ணாச்சி."

"சங்கரன்... கோவில்." மேடம் அதை வாயில் போட்டு மிட்டாய் மாதிரி உருட்டினார். கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. "வாவ். இட் சவுண்ட்ஸ் லைக் அ ட்ரைப்." உடனே போனை எடுத்து எதையோ அடிக்க ஆரம்பித்தார். விலை குறையாது என்று எனக்குப் புரிந்தது. ஏறினாலும் ஏறும்.

வெளியே வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. பாங்கு ஒலித்தது. பாய் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாய், வண்டியில ஏறுறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லுங்க" என்றேன். "இத்தனை கூத்தையும் யாரு செஞ்சது?"

அவர் தரையைப் பார்த்தார். "நான்தான் செஞ்சேன்."

"இதுக்கு ஒரு அர்த்தந்தான் அண்ணே" என்றாள் ரெபேக்காள். "நீங்க வாங்கி வச்சிருக்க அவனுக்க பாஸ்போர்ட்டைக் கடைக்குப் போனதும் கையில குடுத்துருங்க பாய். குடுக்க வரைக்கும் நான் பாத்துக்கிட்டே நிப்பேன்."

"குடுக்கிறேன், குடுக்கிறேன். இந்தா, அந்த வாய்ஸ் மெசேஜையும் அழிச்சிர்றேன்."

"அழிக்காதீங்க பாய்" என்று பதறினான் சரவணகுமார். "எனக்கு அனுப்புங்க."

கடைக்குள் அவன் எங்களுக்குத் தெரியாமல் படம் எடுத்திருக்கிறான். கண்ணாடிப் பெட்டி, லைட், மணல், நடுவில் ஆரம். அதை மாமனாருக்கு அனுப்பினான். அதற்குக் கீழே அந்தக் குரலை அனுப்பினான். 'நான்தான் செஞ்சேன்.'

இரண்டு டிக்கும் நீலமானது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"கடையில இருக்கதைப் படம் புடிச்சு அனுப்பிட்டா ஆச்சா மாப்ள? நீ என்னத்தச் செஞ்ச, அதைச் சொல்லு."

எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடித்துப்போனது. இப்படித்தான் இருக்க வேண்டும் ஆள்.

சரவணகுமாருக்குக் கோபம் வரவில்லை. இன்னொரு படத்தைத் தேடி எடுத்தான். ஆரத்தின் பின்பக்கம். பளபளப்பான வெள்ளியில் ஒரு சுழி, கீழே கோடு. அதை மட்டும் அனுப்பினான்.

டிக் நீலமானது. ரெபேக்காள் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பாய்கூட ஏசி இல்லாத பின்சீட்டில் போனை எட்டிப் பார்த்தார். திரையின் மேலே மாமனார் டைப் பண்ணுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது.

பதில் வரவில்லை.

"என்னடே, கோவமா அவருக்கு?" என்றாள் ரெபேக்காள்.

"இல்லக்கா." அவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டான். "கல்யாணம் ஆனதுலேருந்து அவரு திருப்பிக் கேள்வி கேக்காம இருந்தது இன்னைக்குத்தான்."